புளி மூட்டையும் பறக்கும் படையும்

மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் மனுஷன் ஊட்டிக்குப் போவான், கொடைக்கானலுக்குப் போவான். நான் புளி வாங்கப் போனேன்.

சிரிக்காதீர்கள். 2024 மார்ச் கடைசி. புனித வெள்ளியும் சனி ஞாயிறும் கை கோத்துக்கொண்டு வந்திருந்தன. அம்பத்தூரில் எங்கள் ஆபீஸில் ஆளாளுக்கு டூர் பிளான் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், திருப்பத்தூரிலிருந்து என் தாய்மாமா போன் செய்தார்.

"மாப்ளே, நெல்லிவாசல்நாடு போறேன். ஜவ்வாது மலை. அப்படி ஒரு காத்து, அப்படி ஒரு சீன்! நீ சும்மா வந்து வண்டியில உட்காரு, போதும்."

மாமா புளி வியாபாரி. அவர் 'சும்மா உட்காரு' என்றால் நாற்பது மூட்டையாவது தூக்க வேண்டியிருக்கும். அது தெரிந்தும் ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினேன். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அது ஏலகிரிக்குப் போகாது. ஜோலார்பேட்டையோடு நின்றுவிடும். ஏலகிரியைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். திருப்பத்தூர்க்காரர்களுக்கு இரண்டு பக்கமும் மலை. ஒரு பக்கம் ஏலகிரி, டூரிஸ்டுகளுக்கு. மறுபக்கம் ஜவ்வாது, புளிக்காரர்களுக்கு.

சனிக்கிழமை காலை ஐந்து மணி. மாமா கூடத்தில் உட்கார்ந்து ரூபாய் எண்ணிக்கொண்டிருந்தார். மூன்று தடவை எண்ணி, 48,000 என்று ஒரு சீட்டில் எழுதி ரப்பர் பேண்ட் போட்டார்.

"ஏன் மாமா, ரவுண்டா அம்பதாயிரமா எடுத்துக்கலாமே?"

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் பர்ஸ்ல எவ்வளவு இருக்கு?"

"மூவாயிரம்."

"அட கெடுத்தியே!" என்று ரப்பர் பேண்டைக் கழற்றினார். "டிரைவர் பாக்கெட்ல நானூறு இருக்கும். மொத்தம் கூட்டு. 51,400! புளி வாங்கப் போனவன் புழலுக்குப் போனான்னு ஊர் சிரிக்கணுமா?"

1,500 ரூபாயை எடுத்து அத்தையிடம் கொடுத்துவிட்டு, 46,500-ஐ மடியில் கட்டினார். வண்டியில் ஏறிய மொத்தப் பணம் 49,900. அத்தைக்கு மட்டும் அன்றைக்குத் தேர்தல் ஆதாயம் 1,500 ரூபாய்.

விஷயம் இதுதான். மார்ச் 16-ம் தேதி மக்களவைத் தேர்தல் அறிவித்தார்கள். அன்று முதல் நடத்தை விதி. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 ஓட்டுப் பதிவு. நடுவில் 34 நாள், தகுந்த காகிதம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் கையில் இருந்தால் பறக்கும் படை பிடித்துவிடும். கருமம், புளி சீசனும் அதே சமயம்தான்! மாசியில் உலுக்க ஆரம்பித்தால் சித்திரை வரை. ஓடு உடைத்து, நார் எடுத்து, மூட்டை கட்டி வைத்துக்கொண்டு மலையில் காத்திருப்பார்கள். தேர்தல் கமிஷனுக்கும் புளிய மரத்துக்கும் ஏதோ பூர்வ ஜென்மப் பகை.

"பில் வச்சிருந்தா விட்டுடுவாங்களே மாமா?"

"யார்டா பில் தருவா? மரம் தருமா? நான் போய்க் காசு குடுத்து வாங்கினாத்தான் பில்லு. பில்லு இருந்தாத்தான் காசு எடுத்துட்டுப் போகலாம். நீ ஆபீஸ்ல படிச்ச பையன், இதுக்கு ஒரு வழி சொல்லு பார்ப்போம்."

எட்டு வருஷ சர்வீஸில் எனக்கு இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

வண்டி, வாடகைக்குப் பிடித்த 407. இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும். ஊரைத் தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோதுதான் மாமா அதைப் பார்த்தார். முன் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கட்சி ஸ்டிக்கர்! தலைவர் கை கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"முந்தாநாள் மீட்டிங்குக்கு ஆள் ஏத்திட்டுப் போனேன், அப்ப ஒட்டினாங்க" என்றான் டிரைவர்.

"கிழிடா முதல்ல!"

டிரைவர் நகத்தால் சுரண்டினான். மாமா சாவியால் சுரண்டினார். நான் பழைய ரீசார்ஜ் கார்டால் சுரண்டினேன். கால் மணி நேரத்தில் தலைவரின் உடம்பெல்லாம் போய், கூப்பிய கை மட்டும் மிச்சம். எத்தனை சுரண்டினாலும் கும்பிடு மட்டும் போகவில்லை. அதன் மேல் விபூதி பூசினார் மாமா.

பூசியது நல்லதாகப் போயிற்று. அடுத்த திருப்பத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்கள். ஓர் அதிகாரி, போலீஸ்காரர்கள், கூடவே வீடியோ எடுக்கிற பையன். கேமராவைப் பார்த்ததும் மாமா சட்டென்று தலை வாரிக்கொண்டார்.

"எவ்வளவு பணம் வச்சிருக்கீங்க?"

"46,500 சார்."

"எதுக்கு?"

"புளிக்கு சார்."

"புளிக்கா?" அதிகாரி போலீஸ்காரரைப் பார்த்தார். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். ஏதோ சங்கேத வார்த்தை என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. மாமா இறங்கிப் பின்னால் போய்க் காலிச் சாக்குகளை உதறினார். பழைய புளி வாசனை குப்பென்று வந்தது. அதிகாரிக்கே நாக்கில் எச்சில் ஊறியிருக்க வேண்டும், சிரித்துவிட்டார். பணத்தைக் கேமரா முன்னால் எண்ணி, எழுதிக்கொண்டு, "போயிட்டு வாங்க" என்றார். மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

மலை ஏற ஆரம்பித்தோம். வளைவுக்கு வளைவு காற்று மாறியது. கீழே வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த எனக்கு மேலே ஒரு மணி நேரத்தில் காது சில்லிட்டது. மூங்கில், புளி, நெல்லி, பலா. திருப்பத்தூர்ப் பக்கத்து ஜவ்வாதில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று ஊராட்சிகள். 'நாடு' என்றதும் பாஸ்போர்ட் கேட்பார்களோ என்று பயப்பட வேண்டாம். மலை மடிப்புகளில் சிதறிக் கிடக்கிற சின்னச் சின்ன ஊர்களைச் சேர்த்து ஒரு நாடு என்பது இங்கே பழைய வழக்கம்.

"இங்க இருக்கறவங்க மலையாளிங்க" என்றார் மாமா.

"அப்படியா? மலையாளம் பேசுவாங்களா?" என்று கேட்டு, வாழ்நாள் முழுவதற்கும் ஒரு கேலியைச் சம்பாதித்துக்கொண்டேன். மலையாளி என்றால் இங்கே பழங்குடி மக்களின் பெயர். பேசுவது சுத்தத் தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலை ஏறியவர்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். "சேட்டா, ஒரு சாயா" என்று டிரைவர் அன்றைக்குப் பூராவும் என்னைக் கூப்பிட்டான்.

ஒரு வளைவில் மட்டும் மாமா பேச்சை நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். 2022 ஏப்ரலில் இந்த மலையில்தான் சேம்பரைக் கோயிலுக்கு ஆட்களை ஏற்றிப் போன வேன் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். சரக்கு ஏற ஒரு வண்டி, சனம் ஏற ஒரு வண்டி என்று பிரித்து வைக்கிற வசதி மலைக்குக் கிடையாது. புளி போகிற வண்டியில்தான் பிள்ளைத்தாய்ச்சியும் போக வேண்டும்.

நெல்லிவாசல் சேர்ந்தபோது மணி ஒன்பது. எங்களுக்கு முன்பே மூட்டைகள் வந்து உட்கார்ந்திருந்தன. மாமா தராசை இறக்கினார். விலை கிலோ 36 ரூபாய். கொட்டையோடு இருக்கிற புளிக்கு மத்திய அரசு 2020-ல் அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலையும் அதுதான். "கவர்மென்ட் ரேட்" என்று மாமா பெருமையாகச் சொன்னார். அதற்கு மேல் ஒரு பைசா தரமாட்டார் என்பதற்கும் அதே வார்த்தைதான்.

நான் மனக்கணக்குப் போட்டேன். 46,500-ஐ 36-ஆல் வகுத்தால் 1,291 கிலோ. வண்டி தாங்குவது இரண்டு டன்னுக்கு மேல். வந்திருக்கிற மூட்டைகளோ அதற்கும் மேல். இந்தக் கணக்கு எங்கேயோ இடிக்கப் போகிறது என்று அப்போதே தோன்றியது.

எடை போடுகிற நேரத்தில் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். டீக்கடை அண்ணன் ஒரு அரசியல் பேராசிரியர். டெல்லியில் கோடி ரூபாய் வாங்கிக்கொண்டு தேர்தல் வியூகம் வகுக்கிறவர்கள் எல்லாம் இவரிடம் ஒரு டீ சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

"சார், இது திருவண்ணாமலை எம்.பி. தொகுதி. ஆறு எம்.எல்.ஏ. தொகுதி அடக்கம். ஓட்டு சுமாரா 15 லட்சம். இன்னிக்கு வாபஸ் வாங்கக் கடைசி நாள். இன்னிலேருந்து 17-ம் தேதி சாயங்காலம் வரைக்கும் எண்ணுங்க, 19 நாள். ஒரு எம்.எல்.ஏ. தொகுதிக்கு மூணு நாள் சொச்சம். அந்த மூணு நாள்ல மலைக்கு எவ்வளவு?"

"ஒரு நாளா?"

"அரை நாள் வந்தா அதிர்ஷ்டம். கீழே ஒரு தெருவுல நடந்தா ஐந்நூறு ஓட்டைக் கும்பிட்டுடலாம். இங்க ஐந்நூறு ஓட்டைக் கும்பிட நாலு மலை ஏறணும். ஓட்டுக்கு எவ்வளவு டீசல்னு கணக்குப் போடறாங்க சார். அதனால கேண்டிடேட் வரமாட்டார், ஜீப் வரும். ஜீப் வரலைன்னா ஊர்ப் பெரியவருக்குப் போன் வரும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஜீப் வந்தது. ஒன்றல்ல, முன்னும் பின்னுமாக இரண்டு கட்சி ஜீப்புகள். முதல் ஜீப்பின் மைக், சிறு வியாபாரிகளை ஜி.எஸ்.டி. கொன்றுவிட்டது என்று கண்ணீர் வடித்தது. அதே இடத்தில் கால் மணி நேரம் கழித்து நின்ற இரண்டாவது ஜீப்பின் மைக், முத்ரா கடனால் சிறு வியாபாரிகள் எல்லாம் முதலாளிகள் ஆகிவிட்டார்கள் என்று ஆனந்தக் கண்ணீர் வடித்தது. ஊரிலிருந்த ஒரே பெரிய வியாபாரியான என் மாமா, ஒரு கையில் தராசும் ஒரு கையில் நோட்டுமாக, தான் செத்துவிட்டோமா முதலாளி ஆகிவிட்டோமா என்று தெரியாமல் இரண்டு ஜீப்புக்கும் கும்பிடு போட்டார்.

மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என்னைக் கேட்டாள். "என்னா சாமி சொல்லிட்டுப் போறாங்க?"

"வரியைப் பத்திப் பாட்டி. ஜி.எஸ்.டி."

"புளிக்கு வரி உண்டா?"

"இல்லை பாட்டி. முதல்ல அஞ்சு பர்சென்ட் இருந்தது. 2019 அக்டோபர்லேருந்து காய்ஞ்ச புளிக்கு வரியே கிடையாது. தைக்கிற இலைத் தட்டுக்கும் அப்பவே எடுத்துட்டாங்க."

"அப்ப எங்களுக்கு எதுக்குச் சொல்றாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் டீக்கடை அண்ணன் சொன்னார்: "ஜீப்புக்கு ஒரே ஒரு கேசட்தான் இருக்கும் ஆயா. கீழே போடறதைத்தான் மேலேயும் போடணும்."

பதினோரு மணிக்கு நான் பயந்தது நடந்தது. மாமாவின் மடி காலி. வண்டியில் இன்னும் பாதி இடம். கீழே இன்னும் பாதி மூட்டை.

இந்த இடத்தில் மாமாவைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொந்த மாமாதான், இருந்தாலும் உண்மை உண்மைதான். ஆடி, ஆவணியில் மலையில் கையிருப்பு தீர்ந்துபோகும்போது மாமா ஏறி வந்து முன்பணம் கொடுப்பார். புளி சீசனில் அதைச் சரக்காகக் கழித்துக்கொள்வார். முன்பணம் வாங்கியவர்கள் விலை பேச முடியாது. இது மாமா கண்டுபிடித்த முறை அல்ல, பல மலைகளில் உள்ள வழக்கம். "நான் என்ன தர்மப் பிரபுவா மாப்ளே? வட்டிக்கு வாங்கித்தான் குடுக்கறேன்" என்பார்.

ஆக, அன்றைக்குக் காசு தீர்ந்ததும் என்ன ஆயிற்று? மாமாவிடம் கணக்கு வைத்திருந்தவர்களின் மூட்டைகள் தாமாகவே வண்டி ஏறின. அவர்களுக்கு ரொக்கம் தேவையில்லை, நோட்டில் ஒரு கோடு போதும். கீழே நின்றுபோனவை யாருடைய மூட்டைகள் தெரியுமா? யாரிடமும் கை நீட்டாதவர்களின் மூட்டைகள்! கடன் வாங்காமல், ரொக்கத்துக்குத்தான் விற்பேன் என்று தலை நிமிர்ந்து வந்தவர்கள். நடத்தை விதி, கடன்காரனுக்கு வழி விட்டது. சொந்தக் காலில் நின்றவனை நிறுத்திவிட்டது.

அந்தப் பாட்டி அப்படிப்பட்டவள். தூரத்து ஊரிலிருந்து பேரனோடு தலைச்சுமையாக ஏழு மூட்டை கொண்டுவந்து கடைசியாகச் சேர்ந்தவள். 210 கிலோ. 7,560 ரூபாய்.

"ஆயா, நோட்டுல எழுதிக்கறேன். ஓட்டு முடிஞ்ச மறுநாள் நானே கொண்டாந்து தரேன்" என்றார் மாமா.

"நோட்டு வாணாம் சாமி. காசு குடு, இல்லாட்டிப் புளியைக் குடு."

எனக்கு ஆபீஸ் ரத்தம் கொதித்தது. இதென்ன பெரிய விஷயம்? "ஜி-பே பண்ணிடலாம் பாட்டி!" என்று போனை எடுத்தேன். டவர் இல்லை. அதோ அந்தப் பாறை மேல் ஏறினால் கிடைக்கும் என்றார்கள். ஏறினேன். ஒரு கோடு வந்தது. சக்கரம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. இதே ஜவ்வாது மலையில், காவலூரில், 2.3 மீட்டர் தொலைநோக்கியை 1986-ல் நிறுவி எங்கேயோ இருக்கிற நட்சத்திரத்தை எல்லாம் பார்க்கிறார்கள். எனக்கு அரை மணி நேரத்தில் ஒரு கோடு சிக்னல் இரண்டு கோடாகவில்லை. அது வந்திருந்தாலும் என்ன? பாட்டியிடம் போனே இல்லை என்பதைப் பாறையிலிருந்து இறங்கிய பிறகுதான் சொன்னார்கள்.

"அவ்வளவு அவசரமா பாட்டி? மூணு வாரம்தானே?" என்றேன்.

பாட்டி உடனே பதில் சொல்லவில்லை. பேரனைப் பார்த்தாள். இருபது வயசு இருக்கும். ஒல்லி, மீசை அரும்பு. அவன்தான் சொன்னான். தங்கச்சி கீழே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறது. பரீட்சைக்கு முன்னால் பீஸ் கட்ட வேண்டும். மேஸ்திரி ஒருத்தர் பத்தாயிரம் முன்பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். புளிக் காசு வந்துவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

"எந்த ஊர்ல வேலை?"

"போனாத்தாண்ணா தெரியும்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். டீக்கடை அண்ணன் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டார். மாமா வேறு பக்கம் பார்த்தார். இந்த மலையில் அந்தப் பதிலை யாரும் சாதாரணமாகக் கேட்டுக்கொள்ள முடியாது. 2015 ஏப்ரல் 7-ம் தேதி ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஜவ்வாது மலையிலிருந்தும் தருமபுரிப் பக்கமிருந்தும் போனவர்கள் அதில் இருந்தார்கள். எந்த வேலை என்று தெரியாமல் முன்பணத்துக்காக வண்டி ஏறுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அதற்கு மறுநாள், 2015 ஏப்ரல் 8, டெல்லியில் முத்ரா திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். சிறு தொழிலுக்குக் கடன். அதில் முதல் படியின் பெயர் 'சிசு'. அதன் உச்சவரம்பு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 50,000 ரூபாய். பாங்க் குழந்தை என்று நினைத்துக் கொடுக்கிற தொகையைத்தான் பறக்கும் படை பூதம் என்று நினைத்துப் பிடிக்கிறது.

நான் பர்ஸைத் திறந்தேன். காலையில் மாமாவின் வயிற்றில் புளியைக் கரைத்த அதே மூவாயிரம். பாட்டியிடம் நீட்டினேன். "வச்சுக்கோங்க பாட்டி. பீஸுக்கு."

வாங்கவில்லை. "சும்மா வாங்கறதுக்கா அத்தினி தூரம் சுமந்தேன்? தூக்கு தராசை" என்றாள். மாமா எடை போட்டார். 83 கிலோ. 2,988 ரூபாய். பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து, சில்லறை எண்ணி, பன்னிரண்டு ரூபாயை என் கையில் வைத்தாள். மிச்சம் 127 கிலோவைப் பேரன் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தான்.

கிளம்பும்போது பாட்டி மாமாவிடம் ஒன்று கேட்டாள். "சாமி, ஓட்டுக்குக் குடுக்கிற காசைப் பிடிக்கிறாங்களா, புளிக்குக் குடுக்கிற காசைப் பிடிக்கிறாங்களா?"

மாமாவிடம் பதில் இல்லை. நோட்டை மூடிவிட்டார்.

இறங்குகிற வழியில் வண்டி பாதி காலி. புளி மூட்டை மேல் சாய்ந்துகொண்டு யோசித்தேன். பறக்கும் படையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2019-ல் பக்கத்து வேலூர் தொகுதியில் ஒரு சிமெண்ட் குடோனில் 11 கோடிக்கு மேல் பிடிபட்டு, தேர்தலையே ரத்து செய்தார்கள். ஓட்டுப் பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது! அப்போது நெல்லிவாசல்நாடு வேலூர் மாவட்டத்தில்தான் இருந்தது, ஆனால் திருவண்ணாமலைத் தொகுதியில் சேர்ந்ததால் ஏப்ரல் 18-ல் ஓட்டுப் போட்டுவிட்டார்கள். கீழே வேலூர்க்காரர்கள் ஆகஸ்ட் 5 வரை காத்திருந்தார்கள். ஆக, பணம் ஓடுவது நிஜம். பிடிக்க வேண்டியதும் நிஜம்.

ஆனால் ஊருக்கு வந்து அந்த விதியைத் தேடிப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேர்தல் கமிஷன் எழுதிவைத்த நடைமுறையில், 50,000-க்கு மேல் என்ற வரம்பு, வேட்பாளரோ அவருடைய ஏஜென்டோ கட்சிக்காரரோ போகிற வண்டிக்கு, அல்லது போஸ்டர் மாதிரித் தேர்தல் சாமான் போகிற வண்டிக்குத்தான் சொல்லப்பட்டிருக்கிறது. நட்சத்திரப் பேச்சாளர் சொந்தச் செலவுக்கு ஒரு லட்சம் வரை வைத்துக்கொள்ளலாம், தடையில்லை. தேர்தலுக்குத் தொடர்பில்லாத பணம் பிடிபட்டால் திருப்பித் தர மாவட்டத்துக்கு மூன்று அதிகாரிகள் கொண்ட குழு உண்டு. எழுத்தில் எல்லாம் சரிதான். ரோட்டில் வரும்போது கையில் காகிதம் இல்லாத எல்லோருக்கும் ஒரே வரம்பு ஆகிவிடுகிறது. வேட்பாளர் 95 லட்சம் வரை செலவு செய்யலாம். அவருக்குக் கணக்கு எழுத ஆடிட்டர் உண்டு. மாமாவுக்கு ரப்பர் பேண்ட் உண்டு.

தேர்தல் தோறும் வணிகர் சங்கங்கள் இந்த வரம்பை ஏற்றச் சொல்லி மனுக் கொடுக்கின்றன. ஏற்றலாமா கூடாதா என்பது பெரியவர்கள் பாடு. எனக்குத் தோன்றியது சின்ன விஷயம். சீசன் சமயத்தில் இன்னார் இன்ன ஊருக்கு இவ்வளவு சரக்கு வாங்கப் போகிறார் என்று வி.ஏ.ஓ. ஒரு சீட்டு எழுதி, அதில் இரண்டு பக்கத்துக்காரர்களும் கையெழுத்துப் போட்டால் போதுமே? திரும்பி வரும்போது வண்டியில் புளி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தால் தீர்ந்தது. ஓட்டு வாங்கப் போகிறவன் மூட்டையோடு திரும்ப மாட்டான். இதற்கு டெல்லியில் விவாதம் வேண்டாம், ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வேண்டும்.

விவாதத்துக்கு என்ன குறைச்சல்! அந்தத் தேர்தலில் ஒரு பக்கம் ஜி.எஸ்.டி.யையே மாற்றி எழுதுகிறோம் என்றார்கள். ஒரு பக்கம் முத்ரா வரம்பை பத்து லட்சத்திலிருந்து இருபது லட்சம் ஆக்குகிறோம் என்றார்கள், பிறகு ஆக்கினார்கள். 2024 செப்டம்பரில் கோவையில் ஒரு ஹோட்டல்காரர், பன்னுக்கு வரி இல்லை, அதில் க்ரீம் தடவினால் 18 சதவிகிதமா என்று நிதியமைச்சரிடமே கேட்டார். அவர் பிறகு மன்னிப்புக் கேட்ட வீடியோ வெளியாகி, நாடு முழுக்க ஒரு வாரம் பன்னுதான் பேச்சு. அதற்கடுத்த வருஷம், 2025 செப்டம்பர் 22 முதல், கேக், பேஸ்ட்ரிக்கெல்லாம் 18 போய் 5 ஆனது. ஆக, கேட்டால் கிடைக்கிறது. க்ரீம் பன்னுக்கு மைக் கிடைத்தது. புளிக்கு மைக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாட்டி கதைக்கு வருகிறேன்.

ஏப்ரல் 20-ம் தேதி, ஓட்டுப் பதிவுக்கு மறுநாள், மாமா சொன்ன சொல் தவறாமல் மறுபடி மலை ஏறினார். நோட்டில் எழுதியவர்களுக்கு எல்லாம் பைசல் செய்தார். பாட்டியின் வீடு தேடிப் போய் 127 கிலோவுக்கு 4,572 ரூபாய் கொடுத்து மூட்டைகளை வாங்கிக்கொண்டார். இரவு எனக்குப் போன்.

"பேரன் எப்படி இருக்கான் மாமா?"

"போயிட்டான் மாப்ளே. நாம வந்த பத்து நாள்ல மேஸ்திரி வண்டியில ஏறிட்டானாம். குடகுல காபித் தோட்டமாம். போய்ச் சேர்ந்துட்டேன்னு டீக்கடைக்குப் போன் பண்ணினானாம். காபித் தோட்டம்தான். அந்த மட்டும் நல்லது."

எனக்கும் மூச்சு வந்தது. தங்கச்சிக்குப் பீஸ் கட்டியாயிற்றாம்.

"அப்ப ஓட்டு?" என்று கேட்டேன், எதையாவது கேட்க வேண்டுமே என்று.

"எங்கேருந்து போடறது? அவனுக்கு இதுதான் முதல் ஓட்டாம். பூத் சிலிப்பைக் கிழவி பத்திரமா மடிச்சு வச்சிருக்கு. அடுத்த தடவை ஆகுமான்னு என்னைக் கேக்குது."

ஓட்டைப் பணம் கெடுத்துவிடக் கூடாதே என்று ரோட்டில் பணத்தை நிறுத்தினார்கள். நிறுத்தியதில் நெல்லிவாசலில் ஓர் ஓட்டு குறைந்துபோனது. அந்தப் பன்னிரண்டு ரூபாயை நான் இன்னும் செலவு செய்யவில்லை.